வீட்பெல்ட் மண்ணைக் கெடுத்தது கலப்பையா, வானமா? (ஆஸ்திரேலிய நிலச்சீரழிவு)

#1 வேர்முனை

ஆஸ்திரேலியாவில் நிலம் கெட்டுப்போவதைப் பற்றி எங்கே படித்தாலும் இரண்டு கட்சி. காட்டை வெட்டியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு கட்சி. அடிக்கடி வறட்சி வருகிற கண்டத்தில் விவசாயி என்ன செய்வான், பழி வானத்தின் மேல் என்று இன்னொரு கட்சி. இரண்டுமே கோஷமாகத்தான் இருக்கிறது.

எந்தச் சீரழிவில் உழவின் பங்கு எது, வானத்தின் பங்கு எது, உள்ளே என்ன நடக்கிறது, களத்தில் எதை அளந்தால் தெரியும்? இவைதான் என் கேள்விகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் வீட்பெல்ட்டில் (கோதுமை விளையும் பட்டை) இருந்து தொடங்குவோம், மற்ற இடங்கள் தானாக வரட்டும். எண்களோடு எழுதினால் நல்லது.

#2 உவர்க்கேணி

உப்பு எங்கிருந்து வந்தது என்பதில் இருந்து ஆரம்பிக்கிறேன். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

கடலில் இருந்துதான் வந்தது. ஆனால் கடல்நீர் உள்ளே புகவில்லை. இந்தியப் பெருங்கடலில் இருந்து வரும் காற்றும் மழையும் உப்பைச் சுமந்து வந்து கொட்டுகின்றன. கரையோரம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல், உள்ளே போகப்போக 20 கிலோ அளவு. இருபது கிலோ ஒரு பொருட்டா என்று தோன்றும். 20,000 ஆண்டுக்குப் பெருக்கினால் 400 டன். நிலம் தட்டை, பல ஓடைகளுக்குக் கடல்வரை போகிற ஓட்டமே கிடையாது. அதனால் உப்பு வெளியேறாமல் வேர்மண்டலத்துக்குக் கீழே, சிதைந்த பாறைக்குள் சேமிப்பாகக் கிடந்தது.

மேலே நின்ற சால்மன் கம், யார்க் கம், மாலி வகை யூகலிப்டஸ்கள் வருஷம் முழுக்க இலையோடு நிற்பவை. ஆழ வேர். பெய்த மழையில் ஆண்டுக்கு 1 மி.மீ.கூடக் கீழே கசிய விடவில்லை. அந்த இடத்தில் கோதுமை வந்தது. மே மாதம் விதைப்பு, நவம்பரில் காய்ந்துவிடும், வேர் ஒன்று ஒன்றரை மீட்டர். மீதி ஆறு மாதம் அந்த நிலத்தில் தண்ணீர் குடிக்க ஆளே இல்லை. கசிவு 10 முதல் 50 மி.மீ. ஆகிவிட்டது.

ஒரு கணக்கு போடுங்கள். கூடுதல் கசிவு 20 மி.மீ. அடிமண்ணில் நீர் நிரம்பக்கூடிய இடம் கனஅளவில் பத்தில் ஒன்று. அப்படியானால் நீர்மட்டம் ஆண்டுக்கு 200 மி.மீ. ஏறும். வெட்டும்போது 20 மீட்டரில் இருந்த நீர் 2 மீட்டருக்கு வர 90 ஆண்டு. பேரன் காலத்தில்தான் பில் வருகிறது. பள்ளத்தாக்கு அடியில் நீர் முதலிலேயே 5 மீட்டரில் இருந்திருந்தால் 15 ஆண்டிலேயே வந்துவிடும். ஒரே வட்டாரத்தில் ஒரு பண்ணை கெட்டுப்போய், பக்கத்துப் பண்ணை பிழைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நீர்மட்டம் சுமார் 2 மீட்டருக்குள் வந்தால் மீதி வேலையை நுண்துளை ஏற்றமும் கோடை வெயிலும் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலே தங்கும்.

இது தெரியாமல் நடந்ததல்ல. ரயில்வே பொறியாளர் டபிள்யூ. இ. வுட் 1924-லேயே கட்டுரை எழுதிவிட்டார். ரயில் எஞ்சின் கொதிகலனுக்குத் தண்ணீர் எடுத்த ஓடைகள், மேலே காடு வெட்டிய பிறகு உப்பாகிப் போனதைக் கவனித்து, காரணத்தையும் சரியாகவே சொன்னார். அதற்கப்புறம் 1960-களில் மாநில அரசு "ஆண்டுக்குப் பத்து லட்சம் ஏக்கர்" என்று புது நிலம் திறந்துவிட்டது. நிபந்தனைப் பட்டாவில் நிலம் வாங்கியவர் காட்டை வெட்டித் திருத்திக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் பட்டா நிலைக்காது. ஆகவே "விவசாயி பேராசை" என்று எழுதுபவர்கள் அந்த நிபந்தனையையும் சேர்த்து எழுதட்டும்.

#3 மழைமானி

உவர்க்கேணி சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் மழை மாறாது என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது.

தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏப்ரல்–அக்டோபர் மழை 1970-க்குப் பிறகு சுமார் 15 சதவீதம் குறைந்திருக்கிறது. மே–ஜூலையில் இன்னும் அதிகம். பெர்த் அணைகளுக்கு வரும் நீர் இதைவிடப் பல மடங்கு விகிதத்தில் சரிந்தது, ஏனென்றால் முதலில் மண் நனைய வேண்டும், மிச்சம்தான் ஓடும். கசிவும் அப்படித்தான். வேருக்குப் போக மிஞ்சுவதுதான் கீழே இறங்குகிறது. மழை கொஞ்சம் குறைந்தாலே மிச்சம் வெகுவாகக் குறையும்.

விளைவு: 2000-க்குப் பிறகு வடக்கு வீட்பெல்ட்டில் பல கண்காணிப்புக் கிணறுகளில் ஏற்றம் நின்றது, சிலவற்றில் நீர் இறங்கவும் செய்தது. 2000-ல் வந்த தேசிய நில, நீர்வளத் தணிக்கை, நாடு முழுக்க 57 லட்சம் ஹெக்டேர் உப்பேறும் ஆபத்தில் இருக்கிறது, 2050-க்குள் 170 லட்சம் ஆகலாம் என்றது. அது அன்றைய ஏற்ற வேகம் தொடரும் என்று வைத்துப் போட்ட கணக்கு. அந்த எண்ணை இன்றும் அப்படியே எடுத்துப் போடுவது சரியில்லை.

#4 சந்தேகப்பிராணி

ஆக, மழை குறைந்தது நல்லதுக்குத்தான் என்று கல்வெட்டில் பொறித்துவிடலாமா? :)

#5 மழைமானி

பொறிக்காதீர்கள். ஏற்கெனவே மேலே வந்துவிட்ட உப்பு போக மழைதான் வேண்டும், கழுவி இறக்க. அது குறைந்துவிட்டது. அத்தோடு, கசிவு எல்லா வருஷமும் சீராக நடப்பதில்லை. கோடையில் வெப்பமண்டல ஈரம் தெற்கே இறங்கி, அறுத்துப்போட்ட நிலத்தில் ஒரே வாரத்தில் கொட்டினால், பல ஆண்டுக் கசிவு அந்த ஒரு வாரத்தில் நடந்துவிடும். நிலத்தில் உயிருள்ள வேரே இல்லாத மாதம் அது.

#6 புழுதிக்காற்று

உப்பேற்றத்தைத் தடுக்கிற அதே வறட்சி காற்றரிப்புக்குத் தோதானது. கிழக்கே வாருங்கள்.

1983 பிப்ரவரி 8 அன்று மெல்போர்ன் பட்டப்பகலில் இருண்டது. விக்டோரியாவின் வடமேற்கில், மாலி என்ற வட்டாரம் உட்பட்ட பகுதிகளின் மேல்மண் அது. 2009 செப்டம்பர் 23 அன்று சிட்னி செக்கச்செவேல் என்று விடிந்தது. அந்த மண்ணில் பெரும்பங்கு ஐர் ஏரி (Lake Eyre) வடிநிலத்தில் இருந்தும் நியூ சவுத் வேல்ஸின் மேற்கில் இருந்தும் வந்தது, அங்கே உழவு அபூர்வம். இரண்டையும் ஒரே படத்தில் ஒட்டி "உழவால் வந்த புழுதி" என்று போடுபவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. முதலாவதில் உழவுக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டாவதில் வறண்ட ஏரிப்படுகைகளும் மேய்ச்சல் நிலமும்தான்.

மாலியில் நடந்தது நீள் தரிசு. 1920, 30-களில் ஒரு போகம் கோதுமை, அடுத்த வருஷம் நிலத்தைத் திரும்பத் திரும்ப உழுது வெறுமையாகப் போட்டு ஈரம் சேர்ப்பது. களை இல்லை, ஈரம் உண்மையிலேயே சேரும். ஆனால் மணல்மேட்டின் உச்சியில் அரிதாள் ஒன்றுகூட இருக்காது. வறட்சி வந்ததும் மணல் ரயில்பாதையையும் வாய்க்காலையும் மூடியது. அது எப்போதும் வறட்சி வருகிற ஊர்தான். புதிதாக வந்தது வெறும் தரை.

இழப்பைச் சும்மா எண்ண வேண்டாம். மேல்மண் 1 மி.மீ. போனால் ஹெக்டேருக்குச் சுமார் 13 டன். வெறுங்கண்ணுக்கு 1 மி.மீ. தெரியவே தெரியாது. போவதும் கனமான மணல் அல்ல. நுண்களியும் மக்கும் பறக்கும், மணல் வேலியோரம் தங்கும். தழைச்சத்தும் மணிச்சத்தும் முதலில் பறப்பதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அளக்கிற முறை இது. வயலின் குறுக்கே 100 அடி எடுத்து வையுங்கள். ஒவ்வொரு அடியிலும் பூட்ஸ் நுனி எதைத் தொடுகிறது? தாள், செடி, சருகு என்றால் ஒன்று; வெறும் மண் என்றால் பூஜ்யம். கூட்டினால் மூடாக்குச் சதவீதம். காற்றரிப்புக்கு 50-க்குக் கீழே போகக் கூடாது. சரிவான நிலத்தில் நீரரிப்புக்கு 70 வேண்டும். அந்த 50-லும் ஒரு பங்கு வேரோடு நின்ற தாளாக இருக்கவேண்டும். படுத்த தாள் காற்றில் வேலியோரம் போய்க் குவிந்துவிடும். மேட்டின் உச்சியைத் தனியாக எண்ணுங்கள். வயலின் சராசரி 60, உச்சியில் 20 என்றால் அங்கே நிலம் பறக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

#7 வேர்முனை

மூடாக்கு 50-ஐ நெருங்குகிறது, மழைக்கான அறிகுறி இல்லை, ஆடு நிற்கிறது. என்ன செய்வார்கள்?

#8 பட்டிக்காரன்

ஆட்டை எடுத்துவிட வேண்டும். 50 ஆன பிறகு அல்ல, 60-லேயே. ஆடு தின்பதைவிட மிதித்து உடைப்பது அதிகம். தண்ணீர்த் தொட்டிக்கு நடக்கும் தடம்தான் முதலில் தூளாகும்.

எடுத்து எங்கே விடுவது? அடைப்புப் பட்டி. களிப்பாங்கான, லேசான சரிவுள்ள ஒரு மூலை. தலைக்கு 5 சதுர மீட்டர். தண்ணீர் கோடையில் தலைக்கு நாளுக்கு 10 லிட்டர் வரை கணக்கிட்டு வையுங்கள். தீனி பார்லியோ லூபினோ (ஒரு பயறுவகை), கூட வைக்கோல். பார்லியை முதல் நாள் 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்துக்குக் குறையாமல் ஏற்றவேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே அரைக்கிலோ கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி மந்தை விழும். லூபினில் மாவுச்சத்து குறைவு, அந்த ஆபத்தும் குறைவு.

பலர் தவறுவது வெளியே விடும்போது. முதல் மழை பெய்து நிலம் பச்சை காட்டியதும் திறந்துவிடுவார்கள். அந்தப் பச்சை ஓரிலைத் துளிர். வேர் பிடிப்பதற்குள் ஆடு பிடுங்கிவிடும், மூடாக்கு மறுபடி பூஜ்யம்.

#9 நாஞ்சில்கொழு

உழவர் பக்கம் என்ன மாறியது என்றும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலிய தானிய நிலத்தில் இன்று பெரும்பகுதி உழவில்லா விதைப்புதான். கத்திக் கொழு, 25–30 செ.மீ. இடைவெளி, ஒரே ஓட்டத்தில் கீறி, உரம் போட்டு, விதை போட்டு, பின்னால் அழுத்துச் சக்கரம். பழைய அரிதாள் வரிசைகளுக்கு நடுவே புது வரிசை. மில்லேனியம் வறட்சி 1997 முதல் 2009 வரை நீண்டும் 1940-களின் அளவுக்கு விளைநிலம் பறக்காததற்கு இதுவே முதல் காரணம் என்பது என் கணிப்பு.

ஆனால் இந்த முறைக்கு ஒரு அடகு இருக்கிறது, களைக்கொல்லி. உழவு கொன்ற களையை மருந்து கொல்லவேண்டும். ரை புல் பல மருந்துக்கு எதிர்ப்பு வாங்கிவிட்டது. எதிர்ப்பு வந்ததும் உழவர் கை தீப்பெட்டிக்குப் போகும். அறுவடையில் பதரையும் தாளையும் குறுகிய வரிசையாக விழவைத்து, மார்ச்–ஏப்ரலில் வரிசையை மட்டும் கொளுத்துவது. களைவிதை சாகும். காற்று திரும்பினால் வயல் முழுதும் எரியும், எரிந்த வயல் விதைப்புவரை வெறுமையாகக் கிடக்கும்.

தீயில்லா வழிகள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலிய விவசாயி ரே ஹாரிங்டன் உருவாக்கிய விதை அரைப்பான், அறுவடை இயந்திரத்தில் இருந்து வரும் பதரை அடித்து நொறுக்கி விதையைக் கொல்கிறது, தாள் வயலிலேயே தங்குகிறது. இயந்திர விலை முடியாதவர்கள் பதரை மட்டும் டயர் தடத்தில் விழவைத்து அழுக விடுகிறார்கள். எதுவானாலும் அறுப்பு தாழ்வாக, 15 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தாழ்ந்த கதிர் இயந்திரத்துக்குள் வராது. தாழ அறுத்தால் நின்ற தாள் குறையும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவும், பார்த்துக்கொள்ளுங்கள்.

#10 சந்தேகப்பிராணி

உழவே கூடாது என்கிறீர்கள். அதே வீட்பெல்ட்டில் 35 செ.மீ. ஆழத்துக்கு வளைபலகைக் கலப்பை ஓட்டுகிற படம் பார்த்தேனே, அது எந்தக் கணக்கு?

#11 நாஞ்சில்கொழு

நல்ல பிடி. அது ஒரு தடவை மருத்துவம், வருஷாந்திரப் பழக்கம் அல்ல.

மேற்குக் கரை மணலில் நீர் ஒட்டாத நோய் உண்டு. செடிகளின் மெழுகு மணல்துகளைப் போர்த்திவிடும், மழைத்துளி முத்தாக உருண்டு நிற்கும். முளைப்பு திட்டுத்திட்டாக வரும், திட்டுக்கு நடுவே வெறும் மணல். ஆகவே நீர் ஒட்டாமையே காற்றரிப்பைக் கூட்டுகிறது. கலப்பை அந்த மெழுகு மண்ணை அடியில் புரட்டி, ஒட்டும் மணலை மேலே கொண்டுவரும். ரை புல் விதையும் கூடவே புதைந்து சாகும்.

கெடுகிற இடங்கள் இவை. மண் ஈரமில்லாமல் ஓட்டினால் காய்ந்த மணல் புரளாது, பொலபொலவென்று அதே குழியில் விழும். புரட்டிய நிலம் மெத்தை மாதிரி இருக்கும், விதை ஆழமாகப் போய் முளைக்காது, உருளை ஓட்டிய பிறகே விதைக்கவேண்டும். அடிமண் அமிலமாக இருந்தால் அந்த அமிலமே மேலே வரும், சுண்ணாம்பு முன்னும் பின்னும் தேவை. எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, புரட்டிவிட்டு விதைக்கக் காத்திருப்பது. மூடாக்கு பூஜ்யம், நாளை காற்றடித்தால் அவ்வளவுதான். புரட்டிய சூட்டோடு பார்லியோ ரையோ விதைக்கவேண்டும். பண்ணை முழுவதையும் ஒரே ஆண்டில் செய்யக் கூடாது.

இன்னொரு வழி, களிமண் பரப்புவது. மேல் 10 செ.மீ. மண் ஹெக்டேருக்குச் சுமார் 1,500 டன். அதில் களி 3 சதவீதம் கூட வேண்டும் என்றால் 45 டன் சுத்தக் களி. குழியில் எடுக்கிற அடிமண்ணில் களி 30 சதவீதம்தான் என்றால் 150 டன் இழுக்கவேண்டும். இழுக்கும் முன் அந்தக் களியில் உப்பும் போரானும் எவ்வளவு என்று சோதியுங்கள். பரப்பிவிட்டு ஆழமாகக் கலக்காமல் விட்டால் மேலே ஓடு கட்டும், வேர் மேலேயே நிற்கும், செப்டம்பர் வெயிலில் பயிர் மணி பிடிக்காமல் காயும். செலவு செய்து கெடுத்துக்கொண்ட வயல்கள் உண்டு.

#12 சுண்ணாம்புக்காளவாய்

உப்பும் புழுதியும் படத்தில் தெரியும், அதனால் எல்லோரும் அதைப் பேசுகிறார்கள். படத்தில் தெரியாத அமிலம்தான் வீட்பெல்ட்டில் அதிகப் பரப்பில் இருக்கிறது. இதில் வானத்தின் மேல் பெரிதாகப் பழிபோட வழியில்லை. உழவு, உரம், அறுவடை, அவ்வளவுதான்.

யூரியாவில் போட்ட ஒவ்வொரு கிலோ தழைச்சத்தும் நைட்ரேட்டாகி முழுக்கக் கசிந்தால், அதைச் சரிக்கட்ட 3.6 கிலோ சுத்தச் சுண்ணாம்பு தேவை. அமோனியம் சல்பேட் என்றால் 7.2 கிலோ. தானியமும் காரத்தை மூட்டைகட்டி எடுத்துப்போகிறது. ஒரு டன் கோதுமைக்குச் சுமார் 9 கிலோ, லூபினுக்குச் சுமார் 20 கிலோ. குளோவரும் லூபினும் தழைச்சத்து சேர்க்கின்றன, பயிர் எடுக்காதது கோடையில் நைட்ரேட்டாகி முதல் மழையில் இறங்குகிறது.

கால்சியம் குளோரைடு கரைசலில் அளந்த அமிலநிலை (pH) மேல் 10 செ.மீ.யில் 5.5, அதற்குக் கீழே 30 செ.மீ.வரை 4.8. இவைதான் இலக்கு. அதற்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். 0–10, 10–20, 20–30 என்று தனித்தனியாக மாதிரி எடுக்கவேண்டும். மேல்மண்ணை மட்டும் சோதித்து "நன்றாக இருக்கிறது" என்று போனால் 15 செ.மீ.யில் உட்கார்ந்திருக்கும் அமிலப்பட்டை தெரியாது.

மேலே தூவிய சுண்ணாம்பு தானாக இறங்க ஆண்டுகள் ஆகும். மேல்மண் 5.5-க்கு மேல் ஏறிய பிறகே மிச்சம் கீழே நகரும். ஹெக்டேருக்கு 1 டன் போட்டுவிட்டுப் பத்து வருஷம் மறப்பது பயனில்லாத வேலை. மேல்மண் 5-க்குக் கீழே என்றால் 2 டன்னில் தொடங்கி மறுபடி அளக்கவேண்டும். வாங்கும்போது நடுநிலையாக்கும் திறனையும் துகள் அளவையும் கேளுங்கள். கரடுமுரடான மலிவுச் சுண்ணாம்பு லாரி வாடகையைத்தான் தின்னும்.

உவர்க்கேணியின் கதையோடு இது இணைகிற இடம்: அமிலத்தில் வேர் 20 செ.மீ.யோடு நின்றால், கீழே இருக்கும் ஈரம் குடிபடாமல் கசிகிறது. மேட்டு நிலத்துக்குப் போடுகிற சுண்ணாம்பு பள்ளத்து உப்புக்கும் கொஞ்சம் மருந்து.

#13 வேர்முனை

ஒரு குழப்பம். நம் பக்கம் உப்பு நிலத்துக்கு ஜிப்சம் என்பார்கள். வீட்பெல்ட் உப்புக்கு ஜிப்சம் போட்டால் தீராதா?

#14 உவர்க்கேணி

இங்கேதான் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். உவர் வேறு, களர் வேறு. உவரில் கரையும் உப்பு அதிகம். களரில் களித்துகளோடு சோடியம் ஒட்டியிருக்கும். ஜிப்சம் களருக்கு. அதன் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், பெயர்ந்தது கழுவப்பட்டு இறங்கவேண்டும். நீர்மட்டம் 1 மீட்டரில் நிற்கிற உவரில் கழுவி எங்கே இறங்கும்? ஜிப்சத்துக்கும் காசு, பலனும் இல்லை.

உவரா என்று அறிய: ஒரு பங்கு மண், ஐந்து பங்கு நீர், மின்கடத்தல். வந்த எண்ணை மணலுக்குச் சுமார் 14-ஆலும், இருமண்பாட்டுக்குச் சுமார் 10-ஆலும், களிக்குச் சுமார் 7-ஆலும் பெருக்குங்கள். டெசிசீமன்/மீட்டர் (dS/m) அலகில் 4-ஐத் தாண்டினால் உவர். கோதுமை 6-வரையும் பார்லி 8-வரையும் பெரிதாகக் குறையாமல் தாங்கும், அதுவும் நீர் தேங்காமல் இருந்தால். நீர்த்தேக்கமும் உப்பும் சேர்ந்தால் அந்த எண்களை மறந்துவிடுங்கள். மூச்சில்லாத வேரால் உப்பை வெளியே தள்ள முடியாது.

#15 சந்தேகப்பிராணி

மரம் நட்டால் நீர் இறங்கும் என்பார்களே? தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று நம்மூரில் போராட்டமே நடக்கிறது.

#16 உவர்க்கேணி

அதே குணம்தான். அங்கே கிணறு வற்றுகிறது என்று திட்டு வாங்குகிற மரம், இங்கே கிணறு வற்றவேண்டும் என்றுதான் நடப்படுகிறது. மரத்தின் மேல் குற்றமில்லை.

ஆனால் அளவு முக்கியம். எண்ணெய் மாலியை (எண்ணெய் தரும் யூகலிப்டஸ்) வயலுக்கு நடுவே பட்டையாக நட்டு, இடையில் கோதுமை. பட்டைக்கு இருபுறமும் 10 மீட்டருக்கு மேல் பயிர் மெலியும். சிறு ஊற்று, மேட்டு மணலில் இருந்து இறங்கும் கசிவு என்றால் பட்டை நன்றாகவே பிடிக்கும். பெரிய பள்ளத்தாக்கு நீர்மட்டத்தை இறக்க, வடிநிலத்தின் பெரும்பகுதியையே மரமாக்கவேண்டும், அதைச் செய்தால் கோதுமை விவசாயம் மிஞ்சாது. குதிரைமசால் ஒரு நடுவழி. மூன்று நான்கு ஆண்டு நின்று அடிமண்ணை உலர்த்தி, பிறகு தானியத்துக்கு இடம் விடும். ஆனால் அமில மண்ணில் அது நிற்காது, சுண்ணாம்புக்காளவாய் சொன்னதையே முதலில் செய்யவேண்டும்.

வெட்டாமல் விட்டதே மலிவு என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் கோலி (Collie) ஆற்றைப் பாருங்கள். அதன் குறுக்கே வெலிங்டன் அணை 1933-ல் முடிந்தது. மேலே காடு வெட்ட வெட்ட நீர் உப்பேறி, 1976-ல் அந்த வடிநிலத்தில் காடு வெட்டச் சட்டத்தால் தடை போட்டார்கள். அதற்குள் குடிநீருக்கு உதவாத அளவுக்கு ஏறிவிட்டது.

#17 வேர்முனை

ஏற்கெனவே உப்புப் பூத்த இடத்தில் என்ன செய்வது? வடிகாலா, சால்ட்புஷ்ஷா (உப்பைத் தாங்கும் தீவனப் புதர்)?

#18 உவர்க்கேணி

முதலில் நிலம் தானாகச் சொல்வதைப் பாருங்கள். பார்லிப்புல் நிற்கிறதா? அங்கே சால்ட்புஷ்ஷுக்கு வாய்ப்பு உண்டு. சதைப்பற்றுள்ள சாம்ஃபயர் மட்டும் நிற்கிறதா? கடன் வாங்கி நடாதீர்கள், வேலி போட்டு விட்டுவிடுங்கள்.

சால்ட்புஷ் நாற்றை ஆகஸ்ட்–செப்டம்பரில், நீர்த்தேக்கம் வடிந்து உப்பு கீழே இருக்கும்போது, மேடு கட்டி நடவேண்டும். ஜூனில் நட்டால் மூழ்கும், அக்டோபரில் நட்டால் கருகும். ஒன்று ஒன்றரை வருஷம் ஆடு கூடாது. இலையில் உப்பு நிறைய, ஆகவே நல்ல தண்ணீர் பக்கத்திலேயே வேண்டும், கூட வைக்கோலோ தானியமோ வேண்டும். இதை மட்டும் தின்று ஆடு கொழுக்கும் என்று விளம்பரம் செய்பவரை நம்பாதீர்கள். இலையுதிர்கால மேய்ச்சல் இடைவெளியை அடைக்கும், அந்த நேரத்தில் மற்ற வயல்களின் மூடாக்கு தப்பிக்கும். அதன் மதிப்பு அதுதான்.

ஆழ வடிகால் 2 முதல் 2.5 மீட்டர். நீர் ஓடுகிற மணற்படிவம் குறுக்கே வந்தால் பக்கவாட்டில் நன்றாக இழுக்கும். களர்க் களியில் தோண்டினால் சில மீட்டருக்குமேல் இழுக்காது, கரையும் சரிந்து வாய்க்காலை மூடும். தோண்டும் முன் துளைபோட்டு இதைச் சோதிப்பவர்கள் குறைவு. மேல்நீர் உள்ளே விழாமல் இருபுறமும் மண்கரை கட்டவேண்டும். வெளியே வருகிற நீர் எங்கே போகும் என்பதுதான் பெரிய கேள்வி. கிழக்கு வீட்பெல்ட்டில் பல இடங்களில் நிலத்தடி நீரின் அமிலநிலை 4-க்கும் கீழே, இரும்பும் அலுமினியமும் கரைந்து வரும். அது கீழ்ப்பண்ணையாரின் ஓடையில் போய் விழும். அதனால்தான் தோண்ட 90 நாளுக்கு முன்பே மண், நிலப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிப்பு கொடுக்கவேண்டும் என்று விதி.

#19 பட்டிக்காரன்

தெற்கையே பேசிக்கொண்டிருக்கிறோம். குயின்ஸ்லாந்தின் பர்டெக்கின் வடிநிலத்தையும் சொல்லவேண்டும். பெரும் பவளத்திட்டுக்கு (Great Barrier Reef) போகிற நுண்வண்டலில் அதிகம் கொண்டுபோகிற ஆறு அதுதான். அங்கே உழவு கொஞ்சமே, பெரும்பரப்பில் மாடுதான். மழை கோடையில் மட்டும், நவம்பர்–டிசம்பரில் ஆரம்பிக்கும் முதல் புயல்மழை வெறும் தரையில் அடிக்கும். பல்லாண்டுப் புல் குத்துக்குத்தாக நின்றால் நீர் உள்ளே போகும். தின்று தீர்த்த நிலத்தில் மேலே ஓடி, களரான அடிமண்ணைத் தொட்டதும் ஓடையரிப்பு பிறக்கும்.

எத்தனை மாடு என்பதுதான் உண்மையான முடிவு. அதைக் கணக்காக எடுக்கலாம். 450 கிலோ காளை நாளுக்குச் சுமார் 10 கிலோ உலர்தீனி, ஆண்டுக்கு 3,650 கிலோ. புல் ஹெக்டேருக்கு 1,800 கிலோ வளர்ந்திருக்கிறது, அதில் கால்பங்கு மட்டும் மாட்டுக்கு என்றால் 450 கிலோ. ஒரு காளைக்கு 8 ஹெக்டேர். ஏப்ரல்–மே மாதம் மழை ஓய்ந்ததும் இந்தக் கணக்கைப் போடவேண்டும், ஏனென்றால் அடுத்த மழைவரை ஒரு புல் புதிதாக வராது. அக்டோபரில் போட்டால் எல்லோரும் விற்கிற சந்தையில் நீங்களும் நிற்பீர்கள்.

சார்ட்டர்ஸ் டவர்ஸ் பக்கம் வாம்பியானாவில் 1997 முதல் இதை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 4–5 ஹெக்டேருக்கு ஒன்று விட்ட பாத்திகள் நல்ல மழையில் அதிகம் சம்பாதித்தன. வறட்சியில் தீனி வாங்கியே அதை விட்டன, நிலமும் இறங்கியது. 8–10 ஹெக்டேருக்கு ஒன்று விட்டவை நீண்டகாலத்தில் முன்னால் நின்றன. இரண்டுக்கும் மேலே இருந்தது ஒரே வானம்.

#20 மழைமானி

"ஒரே வானம்" என்றதும் கோய்டர் கோடு நினைவுக்கு வருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1865-ல் நில அளவைத் தலைவர் ஜார்ஜ் கோய்டர், வறட்சி எதுவரை அடித்தது என்று குதிரையில் போய்ச் செடிகளைப் பார்த்து வரைந்த கோடு. அதற்கு வடக்கே தானியம் நம்பத்தக்கதல்ல. 1870-களில் நல்ல மழை, "கலப்பைக்குப் பின்னால் மழை வரும்" என்ற பேச்சு, கோட்டைத் தாண்டி விதைத்தார்கள். 1880-களின் தொடக்கத்தில் வறண்டது. இடிந்த கல்வீடுகள் ஹாக்கர் பக்கம் இன்றும் நிற்கின்றன. இப்போது குளிர்கால மழை சுருங்குவதால் அந்தக் கோடே தெற்கே நகர்கிறதா என்ற ஆராய்ச்சி நடக்கிறது.

#21 வேர்முனை

கடைசியாக ஒன்று. வயலில் நின்றுகொண்டே களரா என்று பார்க்க வழி?

#22 நாஞ்சில்கொழு

உண்டு. பட்டாணி அளவு, 3–5 மி.மீ. காய்ந்த மண்கட்டி. கண்ணாடித் தட்டில் தண்ணீர், மெதுவாக இடுங்கள், அசைக்கக் கூடாது. 10 நிமிஷத்திலும் 2 மணிநேரத்திலும் பாருங்கள். கட்டி உதிர்ந்து சிறுதுண்டாகி, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் மக்கு குறைவு, ஜிப்சம் வேலை செய்யாது. கட்டியைச் சுற்றிப் பால்போல் வளையம் வந்தால் களர். அப்போது ஹெக்டேருக்கு 2.5 டன் ஜிப்சத்தை ஒரு பட்டையில் மட்டும் போட்டுப் பாருங்கள், பக்கத்திலேயே போடாத பட்டையும் விடுங்கள். மேல்மண்ணோடு நிறுத்தாமல் 30 செ.மீ. ஆழத்துக் கட்டியையும் தனியாகச் சோதியுங்கள்.

#23 வேர்முனை

தண்ணீர் குழாய்த் தண்ணீரா?

#24 உவர்க்கேணி

கூடாது, மழைநீர் அல்லது வடிநீர். தண்ணீரில் உப்பு இருந்தால் களி சேர்ந்தே நிற்கும், பால் வராது, களரை நல்ல மண் என்று நினைத்துவிடுவீர்கள். உவரும் களரும் சேர்ந்த மண்ணிலும் இதே ஏமாற்று உண்டு. இன்று தெளிவாக இருக்கும், நல்ல மழையில் உப்பு கழுவப்பட்ட அடுத்த வருஷம் பாலாகும். ஆகவே மின்கடத்தல் எண்ணையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.